மூன்றாவது பெட்டி மட்டும் ஏன் விழுகிறது?

பக்கத்து வீட்டு மாமாவின் கராஜில் ஒரு மாடல் ரயில் ஓடுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில். எட்டடிக்கு நாலடி சிப்போர்டு பலகை, அதன் மேல் முட்டை வடிவத்தில் ஒரு பாதை, நடுவே பெட்டிகளை நிறுத்த ஒரு சின்ன யார்டு, பாதை பிரியும் இடங்களில் நான்கு பாயிண்டுகள். எஞ்சின் லிமா கம்பெனியுடையது, இத்தாலியில் செய்தது, பழைய தென்னாப்பிரிக்க ரயில்வேயின் செம்பழுப்பு நிறம், முகத்தில் மஞ்சள் மீசை மாதிரி பட்டைகள். மாமா இளைஞனாக இருந்தபோது சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அவருடைய அப்பா ரயில்வேயில் தண்டவாளம் போடும் கூட்டத்தில் வேலை செய்தவர். என் அப்பா திருச்சி பொன்மலைப் பணிமனையில் இருந்தவர். நான் வேலைக்காக இந்த ஊருக்கு வந்து குடியேறிய முதல் வாரத்திலேயே எங்கள் இருவருக்கும் பேச்சு ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம். அவருக்கு இங்கிலீஷ்தான் ஓடும், ஆனாலும் என்னிடம் பேசும்போது தெரிந்த தமிழையெல்லாம் தேடி எடுத்துப் பேசுவார்.

2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். "தம்பி, ரயில் நிக்குது, விழுது. பேத்தி டிசம்பர்ல வர்றா. ஏதாச்சும் செய்யணும்."

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் பேத்திக்கு ஏழு வயது. போன தடவை வந்தபோது ரயில் ஒரு சுற்று முழுதாகப் போகவில்லை என்று அவள் முகம் வாடியது மாமாவுக்கு மறக்கவில்லை.

நான் போனபோது ஸ்க்ரூ டிரைவரோடு எஞ்சினைத் திறக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். அதை முதலில் வாங்கி வைத்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: எதையும் கழற்றுவதற்கு முன்னால், எங்கே நிற்கிறது, எது விழுகிறது என்று தெரிந்தாக வேண்டும். ஒரே இடத்தில் வேறு வேறு வண்டிகள் விழுந்தால் பழுது பாதையில். ஒரே வண்டி வேறு வேறு இடங்களில் விழுந்தால் பழுது அந்த வண்டியில். ஒரே வண்டி ஒரே இடத்தில் மட்டும் விழுந்தால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருக்கிறது, தனித்தனியாகப் பொறுத்துக்கொள்ளக்கூடிய இரண்டு தப்புகள் அந்த இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்போது யாருக்கும் இது நினைவுக்கு வராது.

அத்தையிடம் சாக்பீஸ் வாங்கிவந்தோம். ரயிலை ஓடவிட்டு, நின்ற இடத்திலெல்லாம் பலகையில் வெள்ளைக் கோடு, தடம் புரண்ட இடத்தில் சிவப்புக் கோடு, பக்கத்தில் எந்தப் பெட்டி என்று ஒரு எண். இருபது சுற்று. இருபதாவது சுற்று முடியும்போது லோட்ஷெடிங் வந்து மின்சாரம் போய்விட்டது. குரங்குகள் உள்ளே வந்துவிடும் என்று கராஜ் கதவை எப்போதும் மூடித்தான் வைத்திருப்பார், அதனால் கும்மிருட்டு. சரி, டார்ச் இருக்கிறதே என்று அதைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குப் படுக்கவைத்து, கன்னத்தைப் பலகையில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் நேராகத் தெரிந்த பாதை, பக்கவாட்டு டார்ச் ஒளியில் வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் இருந்த சின்னப் படி, ஒவ்வொரு கோணல், ஒரு பாயிண்டின் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மாட்டியிருந்த ஒரு ஜல்லித் துணுக்கு, எல்லாம் நிழல் விழுந்து தெரிந்தன. அந்த இரண்டு மணி நேர இருட்டு எங்களுக்குக் கிடைத்த நல்ல காரியம். மின்சாரம் இருந்தாலும் விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை இப்படிப் பாருங்கள்.

கோடுகள் சொன்னது இது. வெள்ளைக் கோடுகளில் பாதி பாதை முழுக்க இறைந்து கிடந்தன. மீதி இரண்டே இடங்களில் குவிந்திருந்தன: பின் மூலையில் ஓர் இணைப்பு, யார்டுக்குப் பிரியும் பாயிண்ட். சிவப்புக் கோடுகளும் இரண்டு இடங்களில்: அதே பாயிண்டில் மூன்றாம் பெட்டி மட்டும், கதவுப் பக்க வளைவில் எந்தப் பெட்டியும்.

இறைந்து கிடந்த கோடுகளை முதலில் எடுத்துக்கொண்டோம். இடம் மாறி மாறி நின்றால் அழுக்கு, இல்லையென்றால் எஞ்சின் மின்சாரத்தை எடுக்கும் விதம். இங்கே இரண்டுமே. டர்பன் கடற்காற்றில் எதுவும் சுத்தமாக இருக்காது. மாமாவின் பழைய இரும்புத் தண்டவாளத் துண்டுகள் துருப்பிடித்து ஒரு பெட்டியில் கிடக்கின்றன. இப்போது போட்டிருப்பது நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும். துருப்பிடிக்காது, ஆனால் கறுப்பாக ஒரு படலம் படியும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பொறிகள் பறப்பதாலும், தூசியும் எண்ணெயும் சேர்வதாலும் வருகிற படலம் அது. முன்பு யாரோ அதை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேய்த்த அன்று பளபளவென்று ஓடும், பிறகு ஒவ்வொரு கீறலும் அழுக்குக்கு ஒரு வாய்க்கால் ஆகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத பருத்தித் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் கட்டைகளை உருக்கிவிடும்.

தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரத்தை விட்டால் ஒரே சுற்றில் எல்லா அழுக்கும் திரும்ப வந்துவிடும். எஞ்சின் சக்கரத்துக்கு எளிய வழி இருக்கிறது. ஆல்கஹாலில் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு முனைச் சக்கரங்கள் துணி மேலும் மறுமுனைச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்குமாறு வைத்துப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுக்க வேண்டும், துணி மேல் இருப்பவை சுழன்று தானாகத் துடைத்துக்கொள்ளும். மாமாவின் எஞ்சினில் அது நடக்கவில்லை. ஏன் என்று பார்த்தபோதுதான் உண்மையான பலவீனம் தெரிந்தது. பழைய லிமாக்களில் மோட்டார் இருக்கும் முனை ஒரு தண்டவாளத்திலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கிறது, மறுமுனை அடுத்த தண்டவாளத்திலிருந்து மட்டும். புதிய எஞ்சின்களில் பெரும்பாலும் இரண்டு முனைகளுமே இரண்டு தண்டவாளங்களிலிருந்தும் எடுக்கும். இதில் ஏதாவது ஒரு முனை அழுக்கின் மேல் நின்றால் கதை முடிந்தது. அதோடு, இழுவைக்காக மோட்டார் சக்கரங்களில் ரப்பர் வளையம் மாட்டியிருப்பார்கள், ரப்பர் வழியாக மின்சாரம் வராது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன், கீழே திரும்பத் திரும்ப வரும். நம்மூரில் போகி என்றால் ரயில் பெட்டிதான். இந்தப் பொழுதுபோக்கில் போகி என்பது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கிக்கொண்டு வளைவில் திரும்புகிற சின்னச் சட்டம்.

எஞ்சினில் மோட்டார் இல்லாத பின்போகியைக் கழற்றியபோது அச்சில் என்ன இருந்தது தெரியுமா? சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஒரு நீளத் தலைமுடி, கூடவே சிவப்புக் கம்பளி நூல் ஒன்று. இடுக்கியால் முனையைப் பிடித்து, சக்கரத்தைப் பின்பக்கமாக மெல்லச் சுழற்றி, அறுந்துவிடாமல் உருவி எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. முழுதாக வந்த முடியை மாமா வெள்ளைத் தாளில் நீட்டி வைத்தார். ஒரு முழம் இருந்தது. விரலால் தட்டினால் அதற்கு முன் அரைச் சுற்றில் நின்ற சக்கரம், முடி வந்தபின் பம்பரம் மாதிரி சுழன்றது. தரைவிரிப்பின் மேல் ரயில் ஓட்டுகிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் அச்சைப் பாருங்கள்.

பிறகு பின்போகியிலும் இரண்டாவது பக்கத்துச் சக்கரங்களிலிருந்து மின்சாரம் எடுக்க ஒரு மெல்லிய பாஸ்பர் வெண்கலத் தகட்டை, சக்கரத்தின் முதுகில் லேசாக உரசுமாறு வளைத்து வைத்து, மோட்டாருக்கு ஒரு ஒயர் இழுத்தோம். முதலில் போட்ட ஒயர் கொஞ்சம் தடிமன். எஞ்சின் நிற்பது குறைந்தது, ஆனால் அதுவரை ஒருபோதும் விழாத எஞ்சின் வளைவில் விழ ஆரம்பித்தது! தடித்த ஒயர் சுருள்வில் மாதிரி போகியைத் திரும்பவிடாமல் தள்ளியிருக்கிறது. தலைமுடி அளவு இழைகள் கொண்ட மெல்லிய ஒயராக மாற்றி, கொஞ்சம் தளர்வும் விட்டதும் சரியானது. ஒன்றை மாற்றினால் உடனே ஓட்டிப் பார்க்க வேண்டும், மூன்றை மாற்றிவிட்டு ஓட்டக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

அப்புறம் பின் மூலை இணைப்பு. மாமா மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு வோல்ட் காட்டுது தம்பி, இது நல்லாத்தான் இருக்கு" என்றார். பலரும் ஏமாறும் இடம் இதுதான். மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுக்காது, அதனால் எவ்வளவு மோசமான இணைப்பிலும் முழு வோல்டேஜைக் காட்டும். சுமை ஏற்றினால்தான் உண்மை வெளியே வரும். கார் பக்கவிளக்கின் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இணைத்து, அது எரியும்போது அளந்தோம். கன்ட்ரோலர் பக்கம் 11.8. அந்த இணைப்பைத் தாண்டியதும் 7.4. கட்டைவிரலால் இணைப்பை அழுத்தினால் பல்பு பளிச்சென்றது, எடுத்தால் மங்கியது. மாமா நாலைந்து தடவை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தண்டவாளங்களை இணைக்கும் அந்தச் சின்னத் தகட்டு ஜாயினரை மின்சாரத்துக்கு நம்பக் கூடாது. அது இரண்டு துண்டுகளை ஒரே கோட்டில் நிறுத்தத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகக் கீழே ஒரு ஒயர் சால்டர் செய்து இறக்கி, பலகைக்கு அடியில் தடித்த ஒயரில் சேர்ப்பதே நிரந்தர வழி. எல்லா இணைப்புகளையும் சேர்த்து சால்டர் வைத்து மூடிவிடாதீர்கள், வெயிலில் உலோகம் நீளும், மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இடைவெளி இல்லாத பாதை நெளிந்துவிடும்.

பாயிண்டில் நின்றதற்குக் காரணம் வேறு. இரண்டு பாதைகள் குறுக்கிடும் மூக்குப் பகுதி, ஃப்ராக் என்பார்கள், அது மாமாவின் பாயிண்டில் பிளாஸ்டிக். பீக்கோ கம்பெனியின் இன்சுல்ஃப்ராக் வகை. மெதுவாகப் போகும் எஞ்சினின் எடுக்கும் சக்கரம் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் வரும் கணத்தில் மின்சாரம் இல்லை. உலோக மூக்குள்ள எலக்ட்ரோஃப்ராக் வாங்கினால் சிக்கல் தீரும், ஆனால் பாயிண்ட் திரும்பும்போது மூக்கின் மின்முனையையும் மாற்ற ஒரு ஸ்விட்ச் வைப்பது நல்லது. நாங்கள் வாங்கவில்லை. பின்போகியில் சேர்த்த தகடே போதுமானதாக இருந்தது.

இனி மூன்றாவது பெட்டி. இதைத்தான் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

முதலில் அதை நான்காவதாக மாட்டினோம். அதே பெட்டிதான் விழுந்தது, இடம் மாறியும். முன்பின்னாகத் திருப்பி மாட்டினோம். இப்போதும் விழுந்தது, ஆனால் முன்போகிக்குப் பதிலாகப் பின்போகி. அப்படியென்றால் பெட்டியில் அல்ல, அந்த ஒரு போகியில். அதையும் குறுக்கிக்கொண்டே போனால் ஒரே ஒரு அச்சு. காலிப்பரை இரண்டு சக்கரங்களுக்கும் உள்ளே விட்டு அளந்தேன். இந்த 16.5 மில்லிமீட்டர் பாதைக்குச் சக்கரங்களின் முதுகுக்கு முதுகு இடைவெளி சுமார் 14.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இதில் 13.7. எப்போதோ கீழே விழுந்தோ அழுந்தியோ ஒரு சக்கரம் அச்சில் உள்ளே நகர்ந்திருக்கிறது. நேர்ப் பாதையில் 0.7 மில்லிமீட்டரால் ஒன்றும் ஆகாது. பாயிண்டில் சக்கரத்தை வழிநடத்த உள்பக்கமாகக் காவல் தண்டவாளங்கள் இருக்கின்றன, ஒரு சக்கரம் ஒரு காவல் தண்டவாளத்துக்கு வெளியே, எதிர்ச் சக்கரம் மூக்கை ஒட்டிய மற்றதற்கு வெளியே. சக்கரங்களின் இடைவெளி அந்த இரண்டு தண்டவாளங்களின் வெளி அகலத்தைவிடக் குறைந்துவிட்டால் இடுக்கி மாதிரி பிடித்துக்கொள்ளும், வண்டி நகர வேறு வழியில்லாமல் விளிம்பு மேலே ஏறி இறங்கிவிடும். சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து, திருகிக்கொண்டே மெதுவாக வெளியே இழுத்து, அளந்து, மறுபடி இழுத்து, 14.4க்குக் கொண்டுவந்தோம். ஐந்து நிமிட வேலை. பத்து வருஷமாக அந்தப் பெட்டியை மாமா பெரும்பாலும் யார்டில் ஓரங்கட்டியே வைத்திருந்திருக்கிறார்.

அளவு பேசும்போது மாமா ஒன்று கேட்டார். நிஜத்தில் இந்த நாட்டு ரயில்பாதையின் அகலம் 1067 மில்லிமீட்டர்தானே, இது சரியா? சரியில்லைதான். இந்த மாடலின் எச்.ஓ. அளவு நிஜத்தில் 87ல் ஒரு பங்கு, கணக்குப்படி 12 மில்லிமீட்டரும் கொஞ்சமும்தான் வர வேண்டும். உலகம் முழுக்க விற்கும் 16.5 பாதையிலேயே ஓடட்டும் என்று லிமா இதையும் அதில் வைத்துவிட்டது. ஆனால் டர்பனில் 1860 ஜூன் 26ல் திறந்த முதல் ரயில்பாதை, மார்க்கெட் சதுக்கத்திலிருந்து துறைமுக முனைக்குப் போன இரண்டு மைல், 1435 மில்லிமீட்டர் அகலம். அதை 87ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 16.5 வரும். 1870களில்தான் குறுகிய அகலத்துக்கு மாற்றினார்கள். இதைச் சொன்னதும் மாமா, "அதே வருஷம் நவம்பர் பதினாறு" என்றார். மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளான நம் ஆட்களோடு டர்பனுக்கு வந்து சேர்ந்த நாள். அவர்கள் வரும்போதே இங்கே ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரயில் சரியான அளவில் இந்தப் பலகையில் ஓடும். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை.

பெட்டிகள் இலேசாகவும் இருந்தன. அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரை எச்.ஓ. பெட்டிக்கு ஒரு அவுன்ஸ், அதன் மேல் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 24 சென்டிமீட்டர் பெட்டிக்குச் சுமார் 160 கிராம் வரும். சமையலறைத் தராசில் மூன்றாவது பெட்டி 96 கிராம்தான். மாமா மீன்பிடிக்கப் போகிறவர், தூண்டில் ஈயக் குண்டுகளைப் பெட்டியின் தரையில், போகிகளுக்கு நேர் மேலே ஒட்டினோம். உயரத்தில் வைத்தால் கவிழும். ஈயத்தைத் தொட்டால் கை கழுவுங்கள், குழந்தை கை படாமல் உள்ளே மூடிவிடுங்கள். முழு 160க்குப் போகவில்லை, 130ல் நிறுத்தினோம், பழைய லிமா மோட்டார் அவ்வளவையும் சேர்த்து இழுக்கத் திணறும்.

கடைசியாகக் கதவுப் பக்க வளைவு, எந்தப் பெட்டியும் விழுகிற இடம். அது பலகையின் பழுது. மழைத் தண்ணீர் கதவுக்கு அடியில் வந்து சிப்போர்டின் ஓரத்தை ஊற வைத்திருக்கிறது. ரசமட்டத்தைக் குறுக்கே வைத்தால் குமிழ் ஒரு பக்கம் ஓடியது, வெளித் தண்டவாளம் ஓரிடத்தில் இரண்டு மில்லிமீட்டர் தூக்கி, உடனே இறங்கியது. வளைவில் இப்படி முறுக்கு இருந்தால் நான்கு சக்கரத்தில் ஒன்று அந்தரத்தில் நிற்கும், விளிம்பு ஏறுவதற்கு அதுவே போதும். பாதையைக் கிளப்பி, ஊதிய இடத்தைச் சீவி, தாழ்ந்த இடத்தில் அட்டை வைத்துச் சமப்படுத்தி, பலகையின் வெட்டு ஓரங்களுக்கு இரண்டு பூச்சு பெயின்ட் அடித்தோம். இந்த ஊர் ஈரத்தில் பெயின்ட் அடிக்காத சிப்போர்டு நிற்காது. மறுபடி கட்டுவதாக இருந்தால் பிளைவுட்தான்.

பெட்டியின் இரண்டு போகிகளில் ஒன்று முன்பின்னாக மட்டும் ஆடும்படி ஸ்க்ரூவைச் சற்று இறுக்கியும், மற்றது எல்லாப் பக்கமும் ஆடும்படித் தளர்த்தியும் வைத்தால், சின்ன மேடுபள்ளத்தை அதுவே சமாளித்துக்கொள்ளும். முக்காலி ஆடாமல் நிற்கிற அதே கணக்கு.

டிசம்பரில் பேத்தி வந்தாள். கன்னத்தைப் பலகையில் ஒட்டிக்கொண்டு, நான் டார்ச் பிடித்துப் பார்த்த அதே உயரத்தில், அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பெட்டியை முதல் பெட்டியாக மாட்டச் சொன்னாள். மாட்டினோம், பாயிண்டில் நேராகப் போனது.

ஜூலையில், இங்கே குளிர்காலம், போய்ப் பார்த்தேன். பின் மூலை இணைப்பில் அரை மில்லிமீட்டர் இடைவெளி திறந்திருந்தது, நகத்தை வைத்தால் தட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் ஒயர் இறக்கியிருந்ததால் எஞ்சின் அதைக் கவனிக்கவே இல்லை, "டக்" என்று ஒரு சத்தத்தோடு தாண்டிப் போனது. மாமாவுக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது, மூட வேண்டாம் என்கிறார்.